எரிமலை வெடித்தது, வெந்நீர் நின்றது

ஐஸ்லாந்தில் எங்கள் வீட்டில் இட்லி மாவு பொங்குவது எரிமலையின் தயவில்தான். ஊரில் இதைச் சொன்னால் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்கிறார்கள். சமையலறை ஜன்னலுக்குக் கீழே, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்குகிற ஒரு ரேடியேட்டர் இருக்கிறது. ராத்திரி மாவைக் கரைத்து, குண்டானைப் பழைய துண்டில் சுற்றி, ரேடியேட்டருக்கு மேலே உள்ள திண்டில் வைத்துவிட்டுப் படுத்தால் போதும். வெளியே மைனஸ் பத்து, பனிக்காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருக்கும். உள்ளே மாவு மட்டும் பாளையங்கோட்டையில் சித்திரை மாதம் என்று நினைத்துக்கொண்டு பொங்கும்.

அந்த ரேடியேட்டருக்குள் ஓடும் வெந்நீர் ஸ்வார்ட்ஸெங்கி என்ற இடத்தில் உள்ள மின் நிலையத்திலிருந்து வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து சுமார் 20 கி.மீ. பூமிக்கடியில் ஆழமாகத் துளை போட்டு, 240 டிகிரிச் சூட்டில் கிடக்கும் உப்புத் தண்ணீரை மேலே இழுக்கிறார்கள். அதை அப்படியே குழாயில் விட்டால் உப்பும் சிலிக்காவும் படிந்து அடைத்துவிடும். அதனால் அந்தச் சூட்டை வைத்து நல்ல தண்ணீரைச் சுட வைத்து ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். 1970களிலிருந்து இப்படித்தான். மிச்சமாகும் உப்புத் தண்ணீரை வெளியே விட்டபோது உருவான குளம்தான் உலகப் புகழ் பெற்ற ப்ளூ லகூன். இந்தியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் காசைக் கொட்டி டிக்கெட் எடுத்து அதில் இறங்கி, முகத்தில் வெள்ளைச் சேறு பூசி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அது மின் நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீர் என்பதை அவர்கள் குளித்து முடித்த பிறகுதான் சொல்வேன்.

நாங்கள் ஐஸ்லாந்துக்கு வந்தது 2019ல். வீடு கெஃப்லாவிக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஆஸ்ப்ரூ என்ற பகுதியில். முன்பு அமெரிக்கக் கடற்படைத் தளமாக இருந்த இடம். 2006ல் அவர்கள் காலி செய்துவிட்டுப் போக, அந்தக் கட்டடங்களில் இப்போது மாணவர்களும், போலந்துக்காரர்களும், எங்களைப் போன்றவர்களும் குடியிருக்கிறோம். வீட்டுக்காரருக்கு டேட்டா சென்டரில் ஷிப்ட் வேலை. எனக்கு ஒரு ஓட்டலில் காலை உணவு தயார் செய்கிற வேலை. பையன் இங்கேதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான். இன்றைக்கும் வீட்டில் ஐஸ்லாந்து மொழி ஒழுங்காகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

எரிமலை வெடிப்புக்கு இந்த ஊர் மொழியில் கோஸ் என்று பெயர். சோடா, கோலா மாதிரி பொங்கும் பானத்துக்கும் கோஸ்தான். "அம்மா, ஃபிரிட்ஜில் கோஸ் இருக்கா?" என்று அவன் கேட்பான். நான் முட்டைகோஸை எடுத்து நீட்டுவேன். பழைய ஜோக்தான், ஆனாலும் எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் வந்தபோது இந்த ரெய்க்யாநெஸ் தீபகற்பம் சுமார் 800 வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. 2021 பிப்ரவரியில் கட்டில் ஆட ஆரம்பித்தது. மூன்று வாரம் ஓயாமல் நிலநடுக்கம். மார்ச் 19 ராத்திரி ஃபாக்ரதால்ஸ்ஃபியாட் மலைப் பக்கம் தரை பிளந்தது. ஆளில்லாத பள்ளத்தாக்கு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரே திருவிழாவுக்குப் போகிற மாதிரி நடந்து போய்ப் பார்த்தது. நாங்களும் போனோம். ஆறு மாதம் எரிந்து அணைந்தது. எரிமலை என்றால் இவ்வளவுதானா என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்புதான் பிறகு எங்களை அசட்டையாக இருக்க வைத்தது.

2023 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வந்த நடுக்கம் வேறு மாதிரி. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக் கிணுகிணு என்று சத்தம் போட்டன. சாயங்காலம் ஆரம்பித்தது ராத்திரி வரை ஓயவில்லை. ஸ்வார்ட்ஸெங்கிக்குத் தெற்கே கடலோரத்தில் கிரிண்டாவிக் என்று ஒரு மீன்பிடி ஊர். கிட்டத்தட்ட 3,800 பேர். அன்று இரவே அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். ஊருக்கு அடியிலேயே பாறைக் குழம்பு 15 கி.மீ. நீளத்துக்குப் பாய்ந்திருந்தது. தெருக்கள் பிளந்து, ஊரில் ஒரு பகுதியே ஒரு மீட்டருக்கு மேல் உள்வாங்கிவிட்டது.

ஓட்டலில் என்னோடு வேலை பார்த்தவள் அந்த ஊர். சில நாள் கழித்து, வீட்டுக்குள் போய்ச் சாமான் எடுத்துவர ஐந்து நிமிஷம் கொடுத்தார்களாம். என்ன எடுத்தாய் என்று கேட்டேன். சான்றிதழ் வைத்திருந்த பை, பூனையின் மருந்து, அப்புறம் ஏனென்றே தெரியாமல் பாதி தீர்ந்த ஒரு மாவு டப்பா. "ஓவனுக்குப் பக்கத்தில் இருந்தது, கை தானாகப் போய்விட்டது" என்றாள். அதைக் கேட்ட ராத்திரி என் சமையலறையில் நின்று, நானாக இருந்தால் எதை எடுப்பேன் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கை கிரைண்டர் பக்கம் போனது. 11 கிலோ!

டிசம்பர் 18ல் வெடித்தது. ஜனவரி 14ல் மறுபடியும் வெடித்தது. அந்தத் தடவை கிரிண்டாவிக் விளிம்பிலேயே பூமி வாய் பிளந்து, மூன்று வீடுகள் எரிந்ததை நாடே டிவியில் நேரலையாகப் பார்த்தது. என் தோழியும் ஓட்டல் கேன்டீனில் நின்று பார்த்தாள். அவள் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. வாடகை வீடுதான். ஆனால் திரைச்சீலை அவள் தைத்தது.

இத்தனைக்கும் எங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. எரிமலைக் குழம்புக்கு ஹ்ரோய்ன் என்று பெயர். அது எங்கள் வீடு வரை வர வாய்ப்பில்லை என்று வரைபடத்தைக் காட்டி எல்லோரும் சொன்னார்கள். ஸ்வார்ட்ஸெங்கி நிலையத்தைச் சுற்றி மண்ணையும் பாறையையும் குவித்து உயரமாக அணை கட்டியிருந்தார்கள். அணைக்கு உள்ளே நிலையம் பத்திரம். ஆனால் அங்கிருந்து நம் வீட்டுக்கு வருகிற குழாய் அணையைத் தாண்டித்தானே வரவேண்டும்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 8, வியாழக்கிழமை. வீட்டுக்காரர் நைட் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு டீ போட எழுந்தேன். இங்கே பிப்ரவரியில் விடிய ஒன்பதரை ஆகிவிடும், அதனால் சமையலறை விளக்கைப் போடப் போனேன். போடத் தேவையில்லை. தரையில் ஜன்னல் சட்டத்தின் நிழல் விழுந்திருந்தது. ஆரஞ்சு வெளிச்சம். வெளியே கிடந்த பனி முழுக்கத் துருப்பிடித்த தகரம் மாதிரி நிறம் மாறியிருந்தது. தெற்கே வானம் எரிந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. ஊரில் தீபாவளிக்குப் புஸ்வாணம் விட்டால்கூடச் சுர்ரென்று ஒரு சத்தம் கேட்கும். பூமி மூன்று கி.மீ. நீளத்துக்குக் கிழிந்து நெருப்பைக் கக்குகிறது, எனக்குக் கேட்டதெல்லாம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்தான்.

டீயைக் குடித்தேன். வேலைக்குப் போனேன். இதை எழுதும்போதுதான் விசித்திரமாக இருக்கிறது. அன்றைக்கு அது சாதாரணமாக இருந்தது. விமானங்கள் வழக்கம்போல இறங்கின, ஏறின. 2010ல் ஐரோப்பா முழுக்க விமானத்தை நிறுத்தியது வேறு எரிமலை. அது பனியாறுக்கு அடியில் வெடித்துச் சாம்பலைக் கிளப்பியது. இது பெரும்பாலும் குழம்பாக வழிகிற ரகம். ஓட்டலுக்கு வந்திருந்த சுற்றுலாப் பயணிகள் ஆம்லெட்டை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் செல்ஃபி எடுத்தார்கள்.

பத்து மணிக்கு மேல் சமையலறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். குழம்பு மேற்கே ஓடி, ப்ளூ லகூனுக்குப் போகிற சாலையைத் தாண்டி, வெந்நீர்க் குழாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்குள் குழாய் போயிற்று. கெஃப்லாவிக், நியார்ட்விக், சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் சேர்த்து 20,000 பேருக்கு மேல். எல்லோர் வீட்டு ரேடியேட்டருக்கும் அந்த ஒரே குழாய். தொட்டியில் மிச்சம் இருக்கும் வெந்நீர் சில மணி நேரம்தான் வரும், சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று அறிவிப்பு வந்தது.

அப்புறம் இன்னொரு அறிவிப்பு. ஒரு வீட்டுக்கு 2.5 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்காதீர்கள். எல்லா வீட்டிலும் வெந்நீர்தான் சூடு தருகிறது என்ற நம்பிக்கையில் போட்ட மின் கம்பிகள் இவை. எல்லோரும் ஒரே நேரத்தில் கரண்ட் ஹீட்டரைப் போட்டால் தாங்காது, இருக்கிற மின்சாரமும் போய்விடும். ஹீட்டர் வாங்கக் கடைக்குப் போனோம். ஹீட்டர் இருந்த அலமாரியில் விலைச்சீட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டுப் போலந்துக்காரப் பாட்டியிடம் இரண்டு எண்ணெய் ஹீட்டர் இருந்தது. ஒன்றைக் கொடுத்தார், 1,500 வாட். பதிலுக்கு என்ன வேண்டும் என்றேன். "பிறகு கேட்கிறேன்" என்றார்.

சாயங்காலம் ஊரிலிருந்து அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, போன் செய்தார்.

"ஏளா, டிவில என்னமோ ஐஸ்லாந்து ஐஸ்லாந்துன்னு காட்டுதான். பிள்ளை எங்க?"

"இங்கதான் இருக்கான் அத்தை. நெருப்பு தூரத்துல. ஆனா வெந்நீர் வரல."

"வெந்நீர் வரலையா? நெருப்பு வந்தா வெந்நீர் கூடத்தானே வரணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்கச் செய்தி பார்த்தும் இவ்வளவு சுருக்கமாக இந்தக் கூத்தை வேறு யாரும் சொல்லவில்லை. அத்தைக்கு அதற்கு மேல் எரிமலை பற்றி அக்கறை இல்லை. "சரி, நாளைக்குத் தை அமாவாசை. மாமாவுக்குப் படைக்கணும். அவன் தலைக்குக் குளிச்சிட்டுத்தான் செய்யணும், பாத்துக்க."

அப்போதுதான் ராடு ஞாபகம் வந்தது.

2019ல் கிளம்பும்போது அம்மா பெட்டியில் ஒரு வாட்டர் ஹீட்டர் ராடு வைத்திருந்தாள். நம் ஊரில் வாளியில் போட்டுத் தண்ணீர் சுட வைப்போமே, அதே சுருள் ராடு. "குளிர் நாடு, இருக்கட்டும்" என்றாள். பூமியே வெந்நீர் தருகிற நாட்டுக்கு ராடு எடுத்துப்போகிறோமே என்று வீட்டுக்காரர் விமான நிலையம் வரை கேலி செய்தார். அஞ்சு வருஷமாக அது ஸ்டோர் ரூமில் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தோடு சிக்கிக் கிடந்தது. எடுத்து, சிக்கெடுத்து, அடாப்டரில் மாட்டிப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் தண்ணீருக்குள் நூல் நூலாகக் குமிழி எழுந்தது.

ஆனால் ராடும் 1,500 வாட், ஹீட்டரும் 1,500 வாட். கூட்டினால் 3,000. வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை எழுதி ஒட்டினார். ராடு போட்டால் ஹீட்டர் அணை. அடுப்பு போட்டால் இரண்டையும் அணை. சோறு வைத்துவிட்டுக் குழம்பு வைத்தால் அரை மணி, அதற்குள் அறை விறைத்துவிடும். அதனால் ஒரே குக்கரில் சாம்பார் சாதம். டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும், அவற்றுக்குப் பின்னால் நின்றால் வெயில் காலத்துத் திருநெல்வேலி ஜங்ஷன் மாதிரி இருக்கும் என்று அவரே சொல்வார். அங்கே எட்டு மணி நேரம் வெந்துவிட்டு வந்து வாட் கணக்கு எழுதுகிறார் மனுஷன். அந்த நாலு நாளும் ஓவர்டைம் கேட்டால் சரி என்றார். எனக்கு வயிற்றெரிச்சல், அதாவது அன்றைக்கு உடம்பில் எரிந்த ஒரே இடம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. காலையில் வீட்டுக்குள் 14 டிகிரி. இங்கே குழாயில் வருகிற பச்சைத் தண்ணீர் ஐந்து டிகிரி இருந்தால் அதிகம், கையை வைத்தால் எலும்பு வலிக்கும். பெரிய சாம்பார் குண்டானில் 15 லிட்டர் பிடித்து, குறுக்கே மரக்கரண்டி போட்டு ராடைத் தொங்கவிட்டேன். பாத்திரத்தில் படக்கூடாது, பிளக்கைக் கழற்றாமல் தண்ணீரைத் தொடக்கூடாது என்று பையனிடம் பத்துத் தடவை சொல்லி வாசலில் காவலுக்கு நின்றேன். அரை மணி நேரத்தில் ஆவி வந்தது. வீட்டுக்காரர் ஒரு குவளை கூட வீணாக்காமல், குளிரில் "ஷ்ஷ்" என்று சத்தம் போட்டுக்கொண்டே குளித்தார். மாமா படத்துக்கு முன் இலை போட வழியில்லை, தட்டில்தான் படைத்தோம். காக்கைக்குச் சோறு வைப்பதில் மட்டும் இந்த ஊரில் குறையே கிடையாது. இங்கே இருப்பது அண்டங்காக்கை, கோழி அளவுக்கு இருக்கும். பால்கனியில் வைத்த சாம்பார் சாதத்தை இரண்டு வந்து சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயின. எரிமலைக்குப் பயந்து பறந்துபோன மாதிரி தெரியவில்லை.

இதில் வேடிக்கை, எரிமலை அதற்குள் ஓய்ந்துவிட்டது. வியாழக்கிழமை காலை வெடித்தது, வெள்ளிக்கிழமையே அடங்கிவிட்டது. வானத்தில் சிவப்பு இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு ஏமாற்றம். நாங்கள் மட்டும் கோட்டு, குல்லாவோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். அன்று ராத்திரி மாற்றுக் குழாயை இணைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. குழம்பு வரலாம் என்று முன்கூட்டியே பூமிக்கடியில் போட்டு வைத்த குழாயாம். கெட்டிக்காரர்கள் என்று பாராட்டிவிட்டுப் படுத்தோம். விடிந்தால் அதுவும் போயிருந்தது. மேலே ஆறாமல் கிடந்த குழம்புக்கு அடியில் குழாய் உடைந்துவிட்டது. பையன் செய்தியைப் படித்து மொழிபெயர்த்துவிட்டு, "அம்மா, இன்னும் ரெண்டு நாள்" என்றான். வீட்டுக்குள் பத்து டிகிரி.

நான் அழுதது அப்போதுதான். மூன்று வீடு எரிந்தபோது அழவில்லை. மூன்று நாளாகத் தலைக்கு ஊற்றவில்லை, அதற்கு அழுதேன்.

சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு 50 கி.மீ. தள்ளி ரெய்க்யவிக் போனோம். அங்கே வெந்நீர் வேறு இடத்திலிருந்து வருகிறது, அதனால் நீச்சல் குளங்கள் திறந்திருந்தன. இந்த நாட்டில் குளத்தில் இறங்குமுன் பொது அறையில் ஒரு துணியும் இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். எங்கெங்கே தேய்க்கவேண்டும் என்று சுவரில் படம் வேறு. இந்த விதிக்குப் பயந்தே அஞ்சு வருஷம் நீச்சல் குளம் பக்கம் போகாமல் "எனக்கு ஜலதோஷம்" என்று தப்பித்திருந்தேன். அன்றைக்கு ஷவரைத் திறந்தேன். சுடச்சுட, கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெட்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஷாம்பூவை இரண்டு தடவை போட்டேன். பக்கத்து ஷவரில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "கெஃப்லாவிக்?" என்றார். தலையாட்டினேன். அவரும் மூன்றாவது தடவையாகத் தலைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வெந்நீர் வந்தது. புதிதாகக் குழாய் போட்டு இணைத்துவிட்டார்கள். கொதிக்கிற பாறைக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் குளிரில், ராப்பகலாக வேலை பார்த்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. முதலில் ரேடியேட்டருக்குள் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் டக், டக் என்று இரும்பு விரிகிற சத்தம். பையன் கன்னத்தை அதில் வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றான். பாட்டிக்கு ஹீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "இப்போது கேட்கிறேன்" என்று என் ராடு மாதிரி ஒன்று வேண்டும் என்றார். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று ராத்திரி மாவு அரைத்தேன். வெள்ளிக்கிழமை அரைத்த மாவு பொங்காமல் சுண்ணாம்பு மாதிரி கிடந்து, கடைசியில் தோசையாகக்கூட வராமல் போயிருந்தது, அந்தக் கோபம் வேறு. குண்டானை வழக்கம்போலத் துண்டில் சுற்றித் திண்டில் வைத்தேன். நாலு நாள் குளிருக்கு ஈடுகட்ட எல்லா ரேடியேட்டரையும் முழுசாகத் திருகி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் மாவு குண்டானைத் தாண்டி, துண்டைத் தாண்டி, திண்டிலிருந்து இறங்கி, ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவே வழிந்து காய்ந்து ஒட்டியிருந்தது. பையன் வந்து பார்த்து "ஹ்ரோய்ன்!" என்று கத்தினான். பழைய டூத் பிரஷை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுரண்டினேன். கடைசி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிரஷ் போகவில்லை.

அதற்குப் பிறகும் 2025 ஜூலை வரைக்கும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. 2023 டிசம்பரிலிருந்து எண்ணினால் ஒன்பது தடவை. 2024 நவம்பரில் ப்ளூ லகூனின் கார் நிறுத்துமிடமே குழம்புக்கு அடியில் போனது. நல்ல குளிரில் ரேடியேட்டர் முழுச் சூட்டில் ஓடும் நாட்களில், அந்தத் தகடுகளுக்கு நடுவிலிருந்து இப்போதும் லேசாகப் புளித்த வாடை வரும்.